பட்டாணி கக்கிய முடி

பூனைக்குக் குட்டை முடி, வெளிர் மஞ்சள். தானியேலுக்கு ஒட்ட வெட்டிய தலை, காதோரம் நரை. இந்த இருவரைத் தவிர அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை. அப்படியிருக்க, பூனை கக்கிப் போட்ட உருண்டைக்குள் ஒரு முழத்துக்கும் மேல் நீளமான கறுப்பு முடி எப்படி வந்தது?

ஆரம்பத்தில் அவன் இதைக் கவனிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தால், தரையில் பிடிகொழுக்கட்டை மாதிரி ஈரமாக ஒன்று கிடக்கும். பழைய காலண்டர் தாளில் அள்ளி வெளியே போட்டுவிடுவான். பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும், உதிர்ந்த முடி வயிற்றுக்குள் போகும், எப்போதாவது கக்கும், அதற்குப் பயப்படக் கூடாது என்று மனைவி சோனியா சொல்லியிருந்தாள்.

பூனை சோனியாவுடையது. தாய்ப்பூனை சர்வீஸ் ரோட்டில் டிரெய்லரில் அடிபட்டுச் செத்த அன்று, குட்டியை முந்தானையில் போட்டுத் தூக்கி வந்தாள். இது இனி வாசற்படி தாண்டக் கூடாது என்றாள். உருண்டு உருண்டு தூங்கியதால் பட்டாணி என்று பெயர் வைத்தாள். போன மழைக்காலத்தில் புற்றுநோய் சோனியாவைக் கொண்டுபோனது. பட்டாணி வாசற்படி தாண்டாமலேயே இருக்கிறது.

எப்போதாவது வந்த வாந்தி, கோடை தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பிறகு தினமும். கழன்று விழுந்த பாகத்தைப் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடும் ஃபிட்டர் கிடையாது. ஒரு நாள் தானியேல் உருண்டையைக் குழாயடியில் வைத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பிரித்தான். மேலே மஞ்சள் முடி, எச்சிலில் இறுகிக் கம்பளி போல இருந்தது. உள்ளே கறுப்பு நூல்கண்டு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது நுனியில் மட்டும் செம்பட்டை தெரிந்தது.

தங்கை மகள் கல்யாணத்துக்காகச் சோனியா பின்னலின் நுனிக்கு மருதாணி போட்டிருந்தாள்.

அவன் முடியை மூக்கருகே கொண்டுபோனான். புளித்த வாடைக்கு அடியில் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசனை லேசாக இருந்தது. அவள் காய்ச்சியதுதான்.

அவளை அடக்கம் செய்து வந்தபின் உறவுக்காரர்கள் அவள் படுத்திருந்த அறையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். சீப்புகளைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவளது தலைமுடியோ, சாவதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி, அவனிடம் கேட்காமலே மொட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவனுக்கு அப்போது கோபம்கூட வந்தது. ஆக, இந்த வீட்டில் அவள் முடி ஒன்றுகூட இருக்க வழியில்லை.

அவனுக்குப் பயம் வரவில்லை. மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். பூட்டைத் திறந்தான். தரையில் உருண்டை கிடந்தது. உள்ளே முடி இருந்தது. அவன் அதைக் கழுவி, உலர்த்தி, பைபிளுக்குள் வைத்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். வீட்டுக்கு வர ஒரு காரணம் கிடைத்தது போல இருந்தது. அந்த எண்ணம்தான் பிறகு அவனைப் பயமுறுத்தியது.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் தண்ணீர் பிடிக்க வந்தவள், குழாயடியில் அவன் முடியை அலசுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா அது? உன் தலைல இம்மாந்நீளம் முடி எப்போ மொளச்சிது?"

"பூனை கக்குச்சுக்கா."

கெங்கம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். நுனிச் செம்பட்டையைப் பார்த்தாள். அந்த மருதாணியை அரைத்துக் கொடுத்தவளே அவள்தான்.

"ஏசப்பா," என்றாள், அவள் சாமி வேறு என்பதையும் மறந்து. "அவ போவல நைனா. பூனைக்குள்ள பூந்துக்கினு குந்தினுகீறா. சாமியாரக் கூட்டியாந்து ஜபம் பண்ணு. இல்லன்னா அத்த ஒரு பையில போட்டு ஆரம்பாக்கம் ரயில்ல ஏத்தி வுட்டுடு."

"ரயில்ல வுட்டா டிக்கெட் யாரு எடுப்பா?"

"சிரிக்காத. பூனை எலும்பாப் பூட்சி, பாத்தியா? இன்னொருத்தி உள்ள இருந்தா அது எப்படித் துன்னும்?"

சிரிப்பு அதோடு நின்றது. பட்டாணி உண்மையிலேயே இளைத்திருந்தது. நெத்திலியை முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போனது. அன்று பகல் வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி, வயிறு குழியக் குழிய முயன்றும் நுரை மட்டுமே வந்தது.

காய்கறிக் கூடையில் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். டாக்டரம்மா பூனையின் வயிற்றை இரண்டு விரல்களால் நெடுநேரம் தடவிப் பார்த்தார். தானியேல் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோன உருண்டையைப் பிரித்தார்.

"பூனை நாக்கத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?"

"அரம் மாதிரி இருக்குங்க."

"அரம்தான். சின்னச் சின்ன முள்ளு, எல்லாம் தொண்டையப் பாத்து சாஞ்சிருக்கும். முடி மாட்டினா துப்ப முடியாது. முழுங்கித்தான் ஆகணும்."

"நான்-ரிட்டன் வால்வு," என்றான் தானியேல் தன்னையறியாமல். ஒரு பக்கம் மட்டும் போகவிடும் வால்வு, குழாய் வேலை செய்பவர்களுக்குத் தினமும் கையில் புழங்குவது.

டாக்டரம்மா சிரித்தார். "அதேதான். உள்ள போன முடி செரிக்காது. கொஞ்சமா இருந்தா மலத்தோட போயிடும். அதிகமானா வயித்துலயே உருண்டுக்கும். வயிறு அதைத் திருப்பித் தள்ளுது. உணவுக்குழாய் வழியா வர்றதால இப்படி நீளவாக்குல வருது. எப்பவாவது வந்தா தப்பில்ல. தினமும் வந்தா, எங்கயோ கோளாறு. வீட்டுல லேடீஸ் யாரு?"

"யாரும் இல்லீங்க."

"இது பொம்பளைங்க முடி."

"என் சம்சாரத்தோடது. அவங்க தவறிட்டாங்க."

டாக்டரம்மா உருண்டையைத் திரும்பக் காகிதத்தில் மடித்தார். பிறகு மெதுவாக, ஆனால் நேராகச் சொன்னார்: "இல்லாதவங்க முடி தானா வராதுங்க. வீட்டுல எங்கயோ இருக்கு. இது தேடிப் போய் நக்குது. பூனை முடிய விட இதுதான் ஆபத்து. நீள முடியோட ஒரு முனை உள்ள மாட்டிக்கிச்சுன்னா, மீதியக் குடல் இழுத்துக்கிட்டே இருக்கும். பாவாடை நாடாவ இழுத்தா துணி எப்படிச் சுருங்கும்? குடல் அப்படிச் சுருங்கிடும். அப்புறம் வயித்தத் திறக்கணும், பொழைக்கிறது நிச்சயமில்ல. இன்னும் அவ்வளவு தூரம் போகல. வழுக்கிக்கிட்டுப் போக ஒரு பசை தரேன். ஆனா முடி வர்ற வழிய நீங்கதான் அடைக்கணும்."

திரும்பும் வழியில் கூடைக்குள் பட்டாணி ஒரு சத்தமும் போடவில்லை. தானியேலுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. வழியை அடைத்தால் சோனியா வருவது நின்றுவிடும். அடைக்காவிட்டால் சோனியா வளர்த்தது செத்துவிடும்.

அவன் வேலை பார்க்கும் உலைக்கூடத்தில் புகையை வடிகட்ட வரிசையாகத் துணிப்பைகள் தொங்கும். ஏதோ ஒரு பையில் ஓட்டை விழுந்தால் தூசி வெளியேறும். எந்தப் பை என்று வெறுங்கண்ணால் தெரியாது. அதனால் காற்றோடு வண்ணப்பொடியைக் கலந்து அனுப்புவார்கள். பொடி எங்கே படிகிறதோ அங்கே ஓட்டை. ஓட்டையைத் தேடாதே, ஓட்டையையே பேச வை என்று இதைத்தான் சொல்வார்கள்.

மறுநாள் வேலைக்குப் புறப்படுமுன் தானியேல் அறை முழுவதும் அரிசி மாவைச் சல்லடையால் மெல்லியதாகத் தூவினான். கோலமாவு வேண்டாம் என்று நினைத்தான். அதில் கல் மாவு கலந்திருக்கும், பூனை பாதத்தை நக்கும். அரிசி மாவு என்றால் பாதகமில்லை.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் அப்படியே நின்றான். வெள்ளைத் தரையில் சின்னச் சின்னப் பூக்கள் போலத் தடங்கள். ஜன்னலில் இருந்து கிண்ணத்துக்கு. கிண்ணத்திலிருந்து கட்டிலுக்கு அடியில். அங்கேயே பலமுறை. வேறெங்கும் பூனை போகவில்லை.

டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போனான். சுவரோரமாக, சோனியா படுக்கும் பக்கத்தில், தடங்கள் ஒரு தினுசாக மாறின. அங்கே முன்னங்கால் தடமே இல்லை. பின்னங்கால் இரண்டு மட்டும், அழுந்தப் பதிந்து, திரும்பத் திரும்ப அதே இடத்தில். பூனை இங்கே இரண்டு காலில் நின்றிருக்கிறது. அப்படியானால் முன்னங்கால்கள் மேலே எதையோ பிடித்திருக்கின்றன.

தானியேல் மல்லாந்து படுத்து மேலே வெளிச்சம் அடித்தான்.

இரும்புக் கட்டிலின் பட்டைகளுக்கு இடையே இலவம்பஞ்சு மெத்தையின் அடிப்பக்கம் தெரிந்தது. உறையில் ஒரு கை நுழையும் அளவு கீறல். அதன் வழியே கறுப்பாகக் கூந்தல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் டார்ச்சை அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை மாதமும் அதன் மேல்தான் தூங்கியிருக்கிறான்.

மெத்தையைப் புரட்டி, தையலைப் பிரித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஆழத்தில் இருந்தவை சின்ன உருண்டைகள். தலை சீவியபின் சிக்கு முடியை விரலில் சுற்றிச் சுற்றி, ஏதாவது இடுக்கில் செருகி வைப்பது அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் வழக்கம். சேர்ந்ததும் சவுரி முடி வாங்கும் ஆளிடம் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். ஒரு மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு வாங்கப் போவதாகச் சோனியா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அதற்கு மேலே இருந்தவை உருண்டைகள் அல்ல. சுற்றவே இல்லை. கொத்துக் கொத்தாக, நீளம் குறையாமல், அவசரமாகத் திணித்தவை. சீவியதால் வந்த முடி அப்படி இருக்காது. தொட்டதும் கையோடு வந்த முடிதான் அப்படி இருக்கும்.

வடிகட்டியில் படிந்த தூசியைப் பார்த்தே உலை எப்போது கெட்டது என்று சொல்லிவிடலாம். தானியேல் இப்போது அதைப் படித்தான். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி உதிரத் தொடங்கிய பிறகு, காலையில் தலையணையில் கிடந்ததை எல்லாம், அவன் கண்விழிக்குமுன் அவள் மெத்தைக்குள் தள்ளியிருக்கிறாள். இனி மறைக்க முடியாது என்ற நிலை வந்ததும் வேளாங்கண்ணி நேர்த்தி என்று சொல்லியிருக்கிறாள். அவனோ கோபப்பட்டான்.

பட்டாணி வந்து அந்தக் குவியலின் ஓரத்தில் மோவாயை வைத்துப் படுத்தது. நக்கத் தொடங்கியது. ஒரு நீள இழை நாக்கில் மாட்டி உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தான்.

"வேணாம்டி," என்று பூனையைத் தூக்கினான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் தெருவில் சைக்கிள் மணி அடித்தது. "சிக்கு முடி, சவுரி முடி, பாத்திரம்!" கெங்கம்மாள் ஓடி வந்தாள்.

"முடிக்காரன் வந்துகீறான் நைனா. தூக்கிக் குட்துடு. பேஜாரு ஒழியட்டும்."

தானியேல் வெளியே போனான். கேரியரில் தொங்கிய தூக்குகளை ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மூடிப் பார்த்தான். இறுக்கமாகப் பூட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான்.

"முடி எங்கண்ணே?" என்றான் முடிக்காரன்.

"முடி இல்ல. டப்பு தரேன்," என்று சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்தான்.

"அட, இன்னா நைனா நீ!" என்று கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தூக்கு எதற்கென்று புரிந்ததும், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாலை நேரங்களில் பட்டாணி இன்னமும் கட்டிலுக்கு அடியில் போய், சுவரோரமாக இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. மேலே பார்க்கிறது. தானியேல் கட்டிலில் அசையாமல் படுத்து, அது இறங்கும்வரை காத்திருக்கிறான். அங்கே இப்போது புது மெத்தை. பூனைக்கு அது தெரியும், ஆனாலும் போகிறது.

வாந்தி நின்றுவிட்டது. செய்தது இவ்வளவுதான்: சோனியாவின் முடி முழுவதும், பைபிளுக்குள் இருந்ததோடு சேர்த்து, பூனையால் திறக்க முடியாத மூடியுள்ள தூக்கில் பீரோவுக்குள் இருக்கிறது. பூனையின் முடியைத் தினமும் காலையில் சீப்பால் வாரி எடுத்து, மூடி போட்ட குப்பைத்தொட்டியில் போடுகிறான். சாப்பாட்டை ஒரேயடியாக வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, மீன் வேகவைத்த தண்ணீரோடு வைக்கிறான்.