ஓட்டுக்கு வந்த தண்ணீர்த் தொட்டி

செயின்ட் ஓமர் ஊரில் ஒரு தண்ணீர் வால்வுக்குக்கூட அதை வைத்த ஆளின் பெயர்தான். தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்கடியில் கிடப்பது ஓவிலா வால்வு. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தீயணைப்புக் குழாய்க்குப் பெயர் ரோசேர். ஆற்றோரத்துப் பம்பு அறையை அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து கட்டினார்கள். கட்டி முடித்த கையோடு சண்டை போட்டுக்கொண்டு ஜென்மத்துக்கும் பேசிக்கொள்ளவில்லை. அறை மட்டும் இன்றைக்கும் இருவர் பெயரையும் சேர்த்தே சுமக்கிறது. உருளைக்கிழங்கு வயல்களைத் தாண்டி மேட்டில் நிற்கும் பெரிய இரும்புத் தொட்டி, அல்சீட் தொட்டி. மற்றவர்களெல்லாம் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அல்சீட் வெலெட் மட்டும் இருக்கிறார். எண்பதைத் தாண்டியும் காது நன்றாகக் கேட்கிறது, கோபம் அதைவிட நன்றாக வருகிறது. அவருடைய மகள் லோரெட்தான் ஊர்த் தண்ணீர்ச் சங்கத்தின் தலைவி.

ஊருக்குப் புதுத் தொட்டி தேவைப்பட்டது. மாநில அரசு உதவும், ஆனால் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாது. உங்களிடம் என்னென்ன இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது, எது போனால் யாருக்குக் கஷ்டம், எதை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்று ஒரு திட்டம் எழுதி, அதை ஊர் கூடி ஏற்றுக்கொண்டு அனுப்ப வேண்டும். அதற்குக் கைகொடுக்க டானா என்ற பெண் வந்தாள். சின்னச் சின்ன ஊர்களின் தண்ணீர் வேலைக்காக வருஷம் முழுக்கக் காரிலேயே குடித்தனம் நடத்துகிறவள். லோரெட்டின் சமையலறை மேஜையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எண் கொடுங்கள் என்றாள். ஒன்று என்றால் புதுசு போல. ஐந்து என்றால் இன்றைக்கோ நாளைக்கோ.

சங்கத்தின் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். லோரெட், கிழங்கு விவசாயி ஜெரார், எழுத்து வேலை பார்க்கும் நோர்மான். ஓவிலா வால்வைத் திருப்பி எத்தனை காலம் ஆகிறது என்று டானா கேட்டாள். யாருக்கும் நினைவில்லை. திரும்புமா என்றாவது தெரியுமா என்றாள். அதுவும் தெரியவில்லை. ஜெரார் தாடையைச் சொறிந்துகொண்டு, ரெண்டு போடுங்க என்றான். ஓவிலாவின் மனைவி பிளான்ஷ் அவனுக்கு எதிர்வீடு, ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவன் வீட்டுக்கு இறைச்சிப் பணியாரம் அனுப்புகிறவள். ரோசேர் குழாய் போன குளிரில் வாயே திறக்கவில்லை. ஆனால் ரோசேரைப் போல மனுஷன் உண்டா என்றார் நோர்மான். அதற்கும் இரண்டு. அல்சீட் தொட்டி வந்தபோது மற்ற இருவரும் லோரெட்டின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறக்கும் முன்பே ஜெரார் இரண்டு என்று சொல்லிவிட்டான். அவளும் மறுக்கவில்லை.

சாயங்காலம் டானா திரையை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"இது உண்மைன்னா எனக்கு இங்க வேலையே இல்ல. நாப்பது வருஷத்துக்கு ஒங்க ஊர்ல எதுவும் கெடாது. நீங்க சாமானுக்கு மார்க் போடலங்க, ஆளுக்குப் போட்டிருக்கீங்க."

வேறு எப்படிப் போடுவார்கள்? இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வழியில் மாமன் மச்சான். செத்தவன் வைத்த வால்வைத் துருப்பிடித்தது என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபம் செய்ய முடியுமா? தாட்சண்யம் என்று ஒன்று இருக்கிறதே. அதை அளக்க டானாவின் கணினியில் இடமில்லை.

மறுநாள் டானா லோரெட்டை மேட்டுக்குக் கூட்டிப்போனாள். இருவரும் ஏணியில் ஏறி, மேல்மூடியைத் திறந்து, விளக்கு கட்டிய கேமராவை உள்ளே இறக்கினார்கள். சின்னத் திரையில் தொட்டியின் உட்சுவர் தெரிந்தது. அல்சீட் பற்றவைத்த கோடுகள் மட்டும் அப்படியே முழுசாக இருந்தன. கோடுகளுக்கு நடுவிலிருந்த தகடெல்லாம் துரு தின்று அப்பளமாகிக் கிடந்தது. குளிர்காலத்தில் தொட்டிக்குள் பனிக்கட்டி உறைந்து, தண்ணீர் ஏற ஏற இறங்க இறங்கச் சுவரில் முட்டும், இந்தத் தகடு இன்னொரு குளிரைத் தாங்கினாலே அதிசயம் என்றாள் டானா. கீழே பள்ளிக்கூடமும் முதியோர் விடுதியும் இருந்தன. மொத்த ஊருக்கும் தொட்டி இது ஒன்றுதான்.

உள்ளே கடைசியாக எப்போது பெயிண்ட் அடித்தீர்கள் என்று டானா கேட்டாள். காற்று பலமாக அடித்ததால் காதில் விழாதது போல லோரெட் இருந்துவிட்டாள். அவளுக்குத் தெரியாதா என்ன? அவள் தலைவியான நாளிலிருந்து அடிக்கவே இல்லை. பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் தண்ணீர்க் கட்டணத்தை ஏற்ற வேண்டும். கட்டணத்தை ஒரு காசுகூட ஏற்றாத தலைவி என்றுதான் ஊர் அவளைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சங்கத்தில் அந்தப் பேச்சு வரும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே முடித்து வைப்பாள். அந்த அடுத்த வருஷம்தான் இப்போது தகடு தகடாக உதிர்ந்துகொண்டிருந்தது.

இறங்கி வந்ததும் தொட்டிக்கு ஐந்து போடச் சொன்னாள் லோரெட். காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. வயதாகிவிட்டது என்று எழுதச் சொன்னாள். வயசு மட்டும்தானா என்று டானா கேட்டாள். அவ்வளவுதான், எழுதுங்கள் என்றாள் லோரெட். மற்ற சாமான்களுக்கும் சங்கத்து மூவரும் அன்றைக்கே உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒழுங்கான எண் போட்டார்கள்.

ஊர்க் கூட்டம் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. லோரெட் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓவிலா வால்வுக்கு நான்கு என்றபோது பிளான்ஷ் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள். தொட்டிக்கு ஐந்து, காரணம் வயது என்று வாசித்ததும் முன்வரிசையில் அல்சீட் எழுந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

நூறு வருஷம் நிற்கும் என்று சொல்லித்தான் அதைக் கட்டினேன் என்றார். மைனஸ் நாற்பது டிகிரி உறைகுளிரில், விரல் மரத்துப்போக, ஒவ்வொரு மூட்டையும் தன் கையால் பற்றவைத்ததாகச் சொன்னார். ஒரு சொட்டு ஒழுகியதை யாராவது பார்த்திருந்தால் இப்போதே எழுந்து சொல்லட்டும் என்றார். யார் எழுவார்கள்? தொட்டிக்கு இரண்டு என்று திருத்த வேண்டும் என்றார் அல்சீட். பின்வரிசையிலிருந்து ஒருவன் வழிமொழிந்தான். கை தூக்கச் சொன்னபோது காடு மாதிரிக் கைகள் எழுந்தன. லோரெட்டைப் பார்க்காமல் ஜெராரும் தூக்கினான். எதிர்த்தது லோரெட், நோர்மான், இன்னும் சிலர். திட்டம் இரண்டோடு நிறைவேறியது. சாப்பாட்டுக்காகக் கூட்டத்தைச் சற்று நிறுத்தினார்கள்.

கோழிக் குழம்பும், ப்ளோய் என்ற மெல்லிய அடைகளின் அடுக்குகளும் மேஜைக்கு வந்தன. லோரெட்டுக்குத் தட்டைத் தொடவே மனமில்லை. டானா அவளருகே வந்து, இந்த எண்ணோடு போனால் உதவி கேட்கும் ஊர்களின் வரிசையில் நீங்கள் கடைசி என்று தணிந்த குரலில் சொன்னாள். வேறு வழி உண்டா என்று லோரெட் கேட்க நினைத்தாள், ஆனால் வழி அவளுக்கே தெரியும். கூட்டம் கலைவதற்குள் அதே தீர்மானத்தைத் திரும்ப எடுக்கலாம். ஆனால் தோற்ற பக்கம் அதைக் கேட்கக் கூடாது. ஜெயித்த பக்கம் கை தூக்கியவர்தான் கேட்க வேண்டும், ஊர்க் கூட்டங்களின் பழைய விதி அது. தலைவி நாற்காலியில் உட்கார்ந்து அந்த விதியை எத்தனை பேருக்கு அவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

ஜெராரிடம் போனாள். அவன் ப்ளோயில் வெண்ணெய் தடவிக்கொண்டே, அல்சீட் மாமா முகத்தில் அடித்தாற்போல் தன்னால் எழுந்து நிற்க முடியாது என்றான். பிறகு குரலை இறக்கினான். "அது மட்டுமில்ல லோரெட். திரும்ப எடுத்தா தோண்டுவாங்க. தோண்டினா பெயிண்ட் கதை வரும். ஒனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

அவன் சொன்னது அவளுக்கு இதமாக இருந்தது. அதுதான் அவளைச் சுட்டது.

அல்சீட் கோட்டுகள் மாட்டும் மூலையில் தனியாக உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் மாதிரி இல்லை. அவள் எதிரில் போய் நின்றாள்.

"வயசாயிடுச்சின்னு எழுதியிருக்க," என்றார் நிமிராமல். "இத்தன பேருக்கு முன்னால வாசிக்கிற. வீட்டுல ஒரு வார்த்த சொல்லல."

"வயசு இல்லப்பா. உள்ள பெயிண்ட் அடிக்கல. தகடு போயிடுச்சு."

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"வெல்டு?"

"வெல்டு அப்படியே இருக்கு. நான் பாத்தேன். அது ஒண்ணுதான் அங்க நிக்குது."

"யாரு அடிக்காம விட்டது?"

சங்கம் என்று சொல்லலாம். ஊர் என்றுகூடச் சொல்லலாம், கட்டணத்தை ஏற்றாதே என்று சொன்னது ஊர்தானே.

"நான்தான். வருஷா வருஷம் தள்ளிப் போட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "ஒன் மேல பழி வரக் கூடாதுன்னு," என்றார் மெதுவாக, "என் வேலைய கெழடுன்னு எழுதிட்ட." அவ்வளவுதான் சொன்னார். தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

லோரெட் மேஜைக்குத் திரும்பினாள். சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தைத் தொடர்ந்தாள். வேறு விஷயம் உண்டா என்று வழக்கம்போலக் கேட்டாள். அல்சீட் கையைத் தூக்கினார்.

"நான் ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவன். தொட்டி விஷயத்தத் திரும்ப எடுக்கணும்னு கேக்குறேன். மொதல்ல தலைவி காரணத்தச் சரியா வாசிக்கட்டும்."

ஜெரார் தரையைப் பார்த்தான். லோரெட் கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள், அதில் வாசிக்க ஒன்றுமில்லை. தொட்டியின் வேலையில் குறை இல்லை என்றாள். உள்ளே பூசவேண்டிய பெயிண்டைத் தான் தலைவியாக இருந்த காலமெல்லாம் பூசவில்லை என்றாள். கட்டணத்தை ஏற்றினால் உங்களுக்குப் பிடிக்காது என்று பயந்து தள்ளிப்போட்டேன், அதை மறைக்க வயது என்று எழுதினேன், அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை என்றாள். சொல்லி முடித்தபோது கன்னம் எரிந்தது.

முதலில் பேசியது பிளான்ஷ். குரலில் அவ்வளவு கனிவு.

"பரவாயில்ல விடு லோரெட். எல்லா வீட்டுலயும் நடக்குறதுதான். நீ ஊருக்கு எவ்வளவோ செஞ்சிருக்க."

ஆமாம் ஆமாம் என்று அங்கங்கே தலைகள் ஆடின. யாரோ முதுகில் தட்டிக் கொடுப்பதற்காக எழுந்தே விட்டார்கள். லோரெட்டுக்கு அந்தக் கனிவுக்குள் அப்படியே சாய்ந்துவிடலாம் போலிருந்தது. சாய்ந்திருந்தால் அன்றைக்கே எல்லாம் மறந்து போயிருக்கும். அடுத்த தொட்டிக்கும் யாரும் பெயிண்ட் அடிக்கமாட்டார்கள், அதையும் யாரோ பரவாயில்லை என்பார்கள்.

"எனக்கும் ரெண்டு போடாதீங்க, பிளான்ஷ் அத்தை," என்றாள். "நோர்மான், நான் சொன்னதை அப்படியே எழுதிக்குங்க. தொட்டிக்கு அஞ்சு. காரணம், பராமரிக்கல. தலைவி லோரெட் வெலெட்."

நோர்மான் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுதினார். ஐந்துக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றாள் லோரெட். எல்லாரும் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அல்சீட்டின் கை எழுந்தது. விரல்கள் வளைந்து, முழுசாக நிமிராத கை. அது எழுந்த பிறகுதான் மற்ற கைகள் எழுந்தன.

எண்ண வேண்டியவள் லோரெட். இரண்டு முறை தொடங்கினாள், இரண்டு முறையும் அந்த ஒரு கையைத் தாண்டிப் போக முடியவில்லை. நோர்மானை எண்ணச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.