சுத்தமான மூக்கு

வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து, கணினித் திரையில் எச்-3 என்ற வரி சிவப்பாக வந்து நின்றது. சிவப்பாக வரவேண்டியவை வேறு இருபத்திரண்டு வரிகள். அவை பல வார்டுகளில் நோயாளிகளின் புண்ணிலிருந்து எடுத்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகள், சுருக்கமாக ஸ்டாஃப். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கண்டு லேசில் அசையாத ஜாதி. எச்-3 அந்தக் கூட்டத்தில் சேரக்கூடாது. எச் என்றால் ஹெல்தி, நோய்நொடி இல்லாத ஒருவரின் மூக்கு.

ஜொகூர் பாருவில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் மாதிரியும் வேண்டும். முறைப்படி என்றால் ஆள் தேடி, படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கவேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை? வேலை செய்கிறவர்களே பஞ்சுக்குச்சியைத் தங்கள் மூக்கில் விட்டு ஒரு சுழற்று சுழற்றிக் குழாயில் போட்டுவிடுவார்கள். பெயர் எழுதுவதில்லை. எச் என்ற எழுத்தும் ஒரு எண்ணும் போதும். எச்-1 நிரஞ்சன். எச்-2 போன மாதம் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்ட பெண். எச்-3 நர்மதா.

"உங்க பேட்ச்ல ஒரு எச் அழுக்கா இருக்குலா," என்றான் நிரஞ்சன், நர்மதாவின் பின்னால் வந்து நின்றுகொண்டு. "யாரு மூக்கு அது?"

"தெரியல. லிஸ்ட்ட பாக்கணும்."

பொய் அத்தனை சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நிரஞ்சன் சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டான். மூக்கில் சாதாரண ஸ்டாஃப் இருப்பது பெரிய விஷயமில்லை, மூன்று பேரில் ஒருவருக்கு இருக்கும். மருந்துக்கு அசையாததே இருந்தாலும்கூட, ஒரு களிம்பு தடவிச் சரிபண்ணிவிடலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கிருமியின் மரபணு வரிசையைத் திறந்து கீழே கீழே இறக்கிக்கொண்டு போனது.

அவளுடைய வேலையே அதுதான். கிருமிக்குள் குடியிருக்கும் வைரஸைத் தேடுவது. கிருமிக்கும் வைரஸ் பிடிக்கும் என்றால் வெளியில் யாரும் நம்புவதில்லை. சில வைரஸ்கள் உள்ளே போனதும் கிருமியைக் கொல்லாமல், அதன் மரபணுவிலேயே தங்களை எழுதிக்கொண்டு படுத்துவிடும். கிருமி இரண்டாகும்போது அதுவும் இரண்டாகும். வருஷக்கணக்கில் சத்தமே வராது. சில வைரஸ்கள் வாடகை கொடுப்பதுபோலக் கையில் ஒன்றைக் கொண்டுவரும். எச்-3க்குள் படுத்திருந்த வைரஸ் கொண்டுவந்த பொருளை நர்மதா பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். உடம்பைக் காக்க ஓடிவரும் வெள்ளை அணுக்களை ஓட்டை போட்டுச் சாகடிக்கும் நஞ்சு. அதைப் பற்றி அவளே இரண்டு கட்டுரை எழுதியிருக்கிறாள். அது தன் மூக்கில் இருக்கிறது என்பதை மட்டும் யாரோ இன்னொருத்தியைப் பற்றிப் படிப்பதுபோலப் படித்தாள்.

பிறகுதான் அப்பச்சியின் கால் நினைவுக்கு வந்தது.

அவளுடைய அப்பா நாச்சியப்பனுக்கு எழுபது வயது. மூவாரில் நாற்காலி மேசை செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் பலகை ஒன்று சரிந்து, கணுக்காலுக்கு மேலே தோலை வழித்துவிட்டுப் போனது. சர்க்கரை உடம்பு, புண் ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. கிளினிக் நர்ஸுக்கு முரட்டுக் கை என்று கட்டு மாற்ற அவர் அங்கே போகவில்லை. கிருமியைக் கரைத்துக் குடித்த மகள் இருக்கும்போது நர்ஸ் எதற்கு என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். சனிக்கிழமைதோறும் நர்மதா போய், முழங்கைவரை கழுவி, கையுறை போட்டுக் கட்டு மாற்றினாள். தன் சுத்தத்தில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம்தான். போன சனிக்கிழமை புண்ணின் ஒரு ஓரம் மட்டும் லேசாக வீங்கியிருந்தது. பலகைத் தூசாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

படிக்கட்டுக்குப் போய் அண்ணன் தியாகராஜனைப் போனில் கூப்பிட்டாள்.

"கால் எப்படிண்ணே இருக்கு?"

"புதன்கிழமையிலருந்து வீக்கம். காய்ச்சலும் இருக்கு. உனக்கு வேலையா இருக்கும்னு சொல்லல. கிளினிக்ல மாத்திரை குடுத்திருக்காங்க, நாளைக்கு எறங்கிடும்."

"என்ன மாத்திரை?"

அட்டை சரசரப்பது கேட்டது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "சிப்ரோ... ஃப்ளாக்சசின்."

நர்மதா படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆய்வுக்கூடத்தில், தூங்கும் வைரஸை எழுப்பிப் பார்க்கவேண்டுமென்றால் கிருமிக்குக் கொடுப்பவற்றில் அந்த மருந்தும் ஒன்று. உயிருக்கு ஆபத்து என்று கிருமி தவிக்கும்போது, உள்ளே படுத்திருப்பது விழித்துக்கொள்ளும். நூறாகப் பெருகி, வீட்டை உடைத்துக்கொண்டு, நஞ்சையும் தூக்கிக்கொண்டு அடுத்த கிருமிக்குப் போகும். குழாயில் அவள் இதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். மனிதக் காலுக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. நடக்காது என்றும் சொல்ல முடியாது.

"அத நிறுத்துங்கண்ணே. நான் இப்பவே வரேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"டாக்டர் குடுத்தத நீ நிறுத்தச் சொன்னா எப்படி? ஏன்னு சொல்லு."

"வந்து சொல்றேன்."

நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் தாண்டும்வரை செம்பனை மர வரிசைகளைப் பார்த்துக்கொண்டே ஒத்திகை செய்தாள். ஆஸ்பத்திரியில் எந்த ரகக் கிருமி என்று சொன்னால்தான் சரியான மருந்தை இன்றைக்கே தொடங்குவார்கள். அங்கே சோதனை செய்து கண்டுபிடிக்கட்டும் என்றால் இரண்டு மூன்று நாள் போய்விடும், அதற்குள் கால் போனாலும் போய்விடும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் மூக்கிலிருந்து என்று சொல்லவேண்டும். அந்த வாக்கியத்தை எத்தனை விதமாகத் திருப்பிப் போட்டாலும் கடைசியில் அப்பச்சியின் முகம் வந்து நின்றது. அவருக்கு அவமானமாக இருக்குமே என்று நினைத்தாள். அவமானம் தனக்குத்தான் என்பது ஆயர் ஈத்தாம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அழவேண்டும்போல இருந்தது, வண்டியை நிறுத்த நேரமில்லை.

போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அப்பச்சி கூடத்து நாற்காலியில் காலை முக்காலிமேல் நீட்டியிருந்தார். கண்கள் பளபளத்தன. தியாகராஜன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு காரைத் திருப்பப் போனான்.

"எதுக்கு முகத்த மூடியிருக்க? சளியா?"

"ஆமா அப்பச்சி."

"கட்டு நனைஞ்சு போச்சு. மாத்திட்டுக் கெளம்பலாம்."

கையுறை போட்டுக் கட்டைப் பிரித்தாள். வாடை முகக்கவசத்தையும் தாண்டி வந்தது. புண்ணைச் சுற்றித் தோல் கருஞ்சிவப்பாக இறுகியிருந்தது. அங்கிருந்து ஒரு சிவப்புக் கோடு முழங்காலை நோக்கிக் கிளம்பியிருந்தது. உப்பு நீரில் நனைத்த பஞ்சை வைத்ததும் அவர் பல்லைக் கடித்தார்.

"எரியுது ஆத்தா. ஊதி விடு."

எல்லா சனிக்கிழமையும் ஊதித்தான் விட்டிருக்கிறாள். குனிந்து, பச்சைப் பிள்ளைக்கு ஊதுவதுபோல, எரிச்சல் அடங்கும்வரை. கைக்கு உறை போட்டவளுக்கு மூக்கையும் வாயையும் மூடத் தோன்றியதே இல்லை.

நர்மதா புதுப் பஞ்சை எடுத்தாள், குனியவில்லை. அப்பச்சி உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார்.

"சுபத்ரா, நீயாவது வந்து ஊதி விடும்மா. இவளுக்குச் சளியாம்."

அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து தரையில் மண்டியிட்டாள். புண்ணைப் பார்த்து ஐயோ என்று முனகினாள். உதட்டைக் குவித்துக் குனிந்தாள்.

அவள் முகத்துக்கும் காலுக்கும் நடுவில் நர்மதாவின் கை போய் நின்றது. அந்தப் புண்ணில் இருப்பது என்ன என்று அங்கே நர்மதாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன நர்மதா?" என்றாள் சுபத்ரா. வாசலில் தியாகராஜன் கார்ச் சாவியோடு நின்றுவிட்டான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கையில், உறையின் விரல்நுனியில் மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.