தளர்த்தி விட்ட துளைகள்

சபாரத்தினம் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த விதம் லண்டனின் மிச்சம் என்ற ஊரில் வேறு எந்தத் தகப்பனும் செய்யாதது. சாதகம் பொருந்தியிருந்தது. ஆர்ச்வே முருகன் கோவிலில் வைத்துப் பெண்ணும் பொடியனும் பேசினார்கள். பார்மசியில் வேலை செய்யும் மகள் வசந்தமலர், "எனக்கு ஓம்" என்று வாய் திறந்தே சம்மதம் சொல்லிவிட்டாள். மற்றவர்கள் என்றால் மண்டபம் தேடப் போயிருப்பார்கள். இவரோ தன் பலசரக்குக் கடைக்குப் பெயர்ப்பலகை செய்யும் வேலையை அந்தப் பொடியனிடமே கொடுத்தார். பொடியன் சிவானந்தன் பக்கத்து ஊரான கோலியர்ஸ் வுட்டில் பெயர்ப்பலகை செய்து பிழைப்பவன். வேலையில் ஏமாற்றுகிறவன் பெண்ணையும் ஏமாற்றுவான் என்பது இவருடைய முடிவு.

மனிதருக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரன் வைத்துவிட்டுப் போகும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். அப்படிப்பட்டவர் முன்னால் 1995 ஏப்ரலில் சிவானந்தன் மூன்று மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்து பரப்பினான்.

"பிளைவுட் மழைக்கு ஊதிப்போம், அங்கிள். பேர்ஸ்பெக்ஸ், அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடி, கல்லுப் பட்டா வெடிக்கும். இது கொம்பசிற் பனல் எண்டு ஒரு பலகை, புதுசா வந்தது. ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, நடுவிலை பிளாஸ்டிக். பாரமில்லை, கறள் பிடியாது."

சபாரத்தினம் அதை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். விளிம்பைத் திருப்பினார். உள்ளே கறுப்பு.

"வெளியிலை ஒண்டு, உள்ளுக்கை ஒண்டு" என்றார். பனலைச் சொன்னாரா ஆளைச் சொன்னாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

கடையின் பக்கச் சுவரில் நேரே வெயில் விழும், சூடு பிடிக்காத வெள்ளை நிறம் நல்லது என்றான் சிவானந்தன். கையில் தேங்கிக் கிடக்கும் வெள்ளைத் தகட்டைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, கரும்பச்சைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார் இவர்.

பலகை பூட்டும் நாளில் சபாரத்தினம் ஏணியடியை விட்டு அசையவில்லை. சிவானந்தன் முதலில் செங்கல் சுவரில் மரச்சட்டங்களை அடித்தான். பத்தடிப் பனலை அதன்மேல் வைத்து எட்டு ஸ்குரூ ஆணி பூட்டினான். ஆணியைவிடத் துளை பெரிதாக இருந்தது. ஆணியையும் முழுக்க இறுக்கவில்லை.

"உதென்ன தம்பி, உமக்குத் துளை பெருத்துப் போச்சோ?"

"வேணுமெண்டுதான் அங்கிள். வெயிலுக்குப் பனல் நீளும். அசைய இடம் விடோணும். இறுக்கினா வளைஞ்சுபோம்."

சபாரத்தினம் தலையாட்டினார். ஒரு சொல்லும் நம்பவில்லை. பிழையான அளவில் துளைத்துவிட்டுக் கதை விடுகிறான் என்று நெஞ்சுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் ஏணியை எடுத்து வந்து, மனைவி தவமலரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஏறினார். எட்டு ஆணியையும் கழற்றினார். துளையை அடைக்கிற மாதிரித் தடித்த ஆணிகளைப் போட்டுக் கை நோக இறுக்கினார்.

"அந்தத் தம்பி இறுக்க வேண்டாமெண்டு சொன்னவரெல்லே" என்றாள் தவமலர்.

"நீர் ஏணியைப் பிடியும்."

ஆகஸ்டில் லண்டன் வெந்து கிடந்தது. கரும்பச்சைப் பனல் நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். சபாரத்தினத்துக்குக் கோபத்தைவிடச் சந்தோசம்தான் அதிகம். கள்ளன் அகப்பட்டுவிட்டான். தான் ஆணி இறுக்கியது நினைவுக்கு வராமல் இல்லை. இத்தனை இறுக்கியும் நிற்காத பனல், சும்மா விட்டிருந்தால் விழுந்தே இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"இந்தச் சம்பந்தம் சரிவராது. ஆளைக் கூப்பிட்டு, நேரிலை வைச்சே கேப்பம்" என்று வீட்டில் சொன்னார்.

சனிக்கிழமை சிவானந்தன் வந்தான். தாயும் மகளும் கடைக்கு மேலேயிருந்த வீட்டிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். அவன் ஏறி ஓர் ஆணியைக் கழற்றினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு திரும்பிச் சபாரத்தினத்தைப் பார்த்தான்.

"என்ரை பிழைதான், அங்கிள். வேறை பனல் கொண்டுவந்து பூட்டிவிடுறன்."

அவன் போன பிறகு சபாரத்தினம் கடைக்குள் அங்குமிங்கும் நடந்தார். ஏன் அப்படிச் சொன்னான்? இதில் என்ன சூழ்ச்சி? எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லியிருக்கிறான் என்று விளங்கியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதனை முழுசாக நம்பிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

"நல்ல பொடியன். நாள் வைப்பம்" என்றார்.

"எனக்கு வேண்டாம், அப்பா" என்றாள் வசந்தமலர். அழுதிருந்தாள்.

"பிள்ளை, அது அவன்ரை பிழை இல்லை. அந்த ஆணியள் நான் பூட்டினது."

"தெரியும். நீங்கள் ஏணியிலை நிக்கேக்கை நான் ஜன்னலடியிலை நிண்டனான். அவர் என்ன சொல்லப்போறார் எண்டு பாக்கத்தான் இண்டைக்குக் கீழை வந்தனான்."

"என்னை வெக்கப்படுத்தக் கூடாதெண்டுதானே அப்பிடிச் சொன்னவன்."

"ஓம். நல்ல மனுசன்தான். அம்மாவும் நல்ல மனுசிதான், அப்பா. செய்யாததையெல்லாம் தன்ரை பிழையெண்டு சொல்லியே உங்களோடை காலத்தை ஓட்டிப்போட்டா. அதைப் பாத்துத்தான் நான் வளந்தனான். என்ரை வீட்டிலை அவரும் அப்பிடிப் பழி ஏக்கிறதைப் பாக்க என்னாலை ஏலாது."

சபாரத்தினம் மனைவியைப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று அவள் இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தார். தவமலர் நகர்ந்துபோய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.