பச்சையப்பன் கார் விட்ட புகை

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிப் பக்கம், பண்டசோழநல்லூர் மிராசுதார் பச்சையப்பன் 1934-இல் ஒரு பழைய கார் வாங்கினார். கப்பலேறிச் சொந்த ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போனது. ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கும் அநாகரிகமெல்லாம் பச்சையப்பனிடம் கிடையாது.

கார் போன வழியெல்லாம் நீலப்புகை சூழ்ந்தது. "உசந்த இஞ்சினுக்கு அதுதான் அடையாளம்" என்று புதுச்சேரி மெக்கானிக் ஒருவர் சொல்லி, வைத்தியமாகப் புது ஹாரன் பொருத்தி அனுப்பினார்.

இன்னாசிமுத்து சைகோனில் ஆறு வருஷம் பிரெஞ்சு ராணுவ லாரிகளைப் பிரித்துப் பூட்டியவன். அந்த அனுபவத்தை மதித்து, ஊரில் அவனுக்குப் பச்சையப்பன் தோட்டத்தில் கரும்பு வெட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். ஒருநாள் வரப்போரம் கார் நின்றபோது அவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆண்டே, நீலமா வந்தா எண்ணெ எரியுது. உள்ள ரிங்கு தேஞ்சிப்போச்சி. பிரிச்சிப் பாக்கணும்."

"கரும்பு வெட்டறவனுக்குக் காரு வவுத்துல இருக்கறது இன்னாடா தெரியும்? போடா."

தை மாதம் புகை வெளுத்தது. தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும் ரேடியேட்டர் வற்றியது. தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இன்னாசிமுத்து வெட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி காரருகே வந்தான்.

"தண்ணி இஞ்சினுக்குள்ள எறங்குது ஆண்டே. மேல்மூடி சரியா ஒக்காரல. இப்பிடியே ஓட்டாதீங்க."

"நீலந்தான் கெட்டதுன்ன. இப்ப வெளுத்துடுச்சே, சந்தோசப்படேண்டா!" பச்சையப்பன் தம் அறிவை எண்ணித் தாமே சிரித்துக்கொண்டார்.

மறுவாரம் கரும்பு சாகுபடியைப் பார்வையிட ஒரு பிரெஞ்சு அதிகாரியைக் காரில் அழைத்து வந்தார். ஊர் எல்லையிலேயே கார் நின்றது. வெந்நீர் சீறியது. வரவேற்க நின்றிருந்த மேளக்காரர்கள் ஓடிவந்து, தொரை இறங்குவதற்குள் ஒருமுறை வாசித்தும் விட்டார்கள். பச்சையப்பன் வாய்க்காலில் தாமே குடம் மொண்டு வந்து இஞ்சின்மேல் கவிழ்க்கப் போனார்.

பக்கத்துத் தோட்டத்திலிருந்த இன்னாசிமுத்து அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

மேளம் நின்றது. மிராசுதாரை ஒரு கூலிக்காரன் தொட்டுவிட்டான்.

"கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் வுட்டுடும்" என்றான். சொன்ன பிறகும் பிடித்த கையை எடுக்கவில்லை.

தொரை பிரெஞ்சில் ஏதோ கேட்டார். இன்னாசிமுத்து பிரெஞ்சிலேயே பதில் சொன்னான். இடையிடையே ராணுவ வசவுகளும் வந்தன. தொரை வயிறு குலுங்கச் சிரித்தார். பச்சையப்பனும் ஒன்றும் புரியாமல் கூடச் சிரித்துவைத்தார்.

இஞ்சின் ஆறும்வரை எல்லாரையும் வெயிலில் காக்கவைத்தான். பிறகு தளர்ந்திருந்த மூடி நட்டுகளைக் காரிலிருந்த ஸ்பானரால் முறுக்கி, தண்ணீர் நிரப்பி, மெதுவாக அவனே ஓட்டிப் போனான். தொரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். பின்னால் தனியாக அமர்ந்திருந்த பச்சையப்பன், "எல்லாம் நான் பழக்கினதுதான் முசே" என்றார்.

தொரை திரும்பிப் பார்க்கவில்லை. சர்க்கார் லாரி கொட்டகையில் ஆள் தேவை என்று இன்னாசிமுத்துவிடம் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எப்ப வரணும்?" என்று அவனும் பிரெஞ்சிலேயே கேட்டான்.

"திங்கட்கிழமை."

அந்த வார்த்தையை மட்டும் அவன் தமிழில், உரக்க, பின்சீட்டுக்குக் கேட்கும்படி திருப்பிச் சொன்னான்.