கூப்பிட்டுவிட்டுக் கிளம்பு

விகான் ஊரில் பிறந்தவர்கள் எந்த வீட்டைவிட்டுக் கிளம்பினாலும், கூட வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்கள். இல்லாவிட்டால் உடம்பு இறங்கிவிடும். உயிர் பராக்குப் பார்த்துக்கொண்டு பின்தங்கிவிடும். குழந்தைகளின் உயிருக்கு இந்தப் புத்தி அதிகம். அந்த ஊர்க்காரி பிலோமினாவுக்கு இது தெரியாதா என்ன? ஆனால் பக்கத்தில் புருஷன் ஆர்னெல் நின்றுகொண்டிருந்தானே.

மணிலாக்காரனுக்கு எல்லாமே கேலி. ஸ்பானியர் காலத்து அந்தப் பெரிய வீட்டைச் சுற்றிப்பார்க்க நுழைந்ததிலிருந்து, "உங்க ஊர்ப் பேயெல்லாம் டிக்கெட் வாங்கிட்டா உள்ள இருக்கு?" என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருந்தான். கிளம்பும்போது வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

குதிரைவண்டி தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை. ஐந்து வயது மகள் டேலியா துவண்டு சாய்ந்தாள். கண் திறந்துதான் இருந்தது, கூப்பிட்டால் திரும்பவில்லை. காலையிலிருந்து நச்சரித்து வாங்கிய எம்பனாடா பலகாரம், எண்ணெய் கசிய, கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. வெயில்தான் என்றான் ஆர்னெல். வண்டிக்காரர் டோமிங் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார்.

"கூப்பிட்டுட்டுத்தானேம்மா இறங்குனீங்க?"

பிலோமினா வண்டியிலிருந்து குதித்தாள். கருங்கல் பாவிய தெருவில் செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினாள். கதவைச் சாத்தப்போன காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போனாள். கீழேயிருந்து கூப்பிட்டால் கேட்குமோ கேட்காதோ என்று மாடிக்கே ஏறி, கிளிஞ்சல் பதித்த ஜன்னலோரம் நின்றாள்.

"டேலியா, வாடி கண்ணு. வீட்டுக்குப் போலாம். இங்கயே தங்கிடாத."

உள்ளறையில் பலகை கிறீச்சிட்டது. சின்னச் சின்ன அடிகள் அவளைத் தாண்டிப் போய், மாடிப்படியில் குதித்துக் குதித்து இறங்கின. பெற்றவளுக்கு அந்த நடை தெரியாதா? அழுதுகொண்டே பின்னால் ஓடினாள்.

வண்டியில் டேலியா, எம்பனாடாவுக்கு வினிகர் போதவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பசி மயக்கம், வேறொன்றுமில்லை என்றான் ஆர்னெல். பிலோமினா ஏறி உட்கார்ந்தாள். மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தது. கை எழவில்லை.

டேலியா பின்னால் திரும்பி அந்த மாடி ஜன்னலுக்குக் கையாட்டினாள்.

"அப்பா, அம்மா ஏன் இன்னும் அங்கயே நிக்கிறாங்க?"

டோமிங்கின் முகம் செத்துப்போயிற்று. அம்மாவை யாருமே கூப்பிடவில்லையா என்று கேட்டார். "நான் கூப்பிட்டா அவங்க உயிர் வராது சார். சொந்தக்காரங்க கூப்பிடணும். ஒரு எட்டு போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு வாங்க."

ஆர்னெல் தொடையைத் தட்டிச் சிரித்தான். குழந்தைக்கும் இந்த ஊர்க் காற்று பட்டுவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஓட்டுங்கள் என்றான். டோமிங் சிலுவை போட்டுக்கொண்டு குதிரையைத் தட்டினார்.

பிலோமினாவுக்கு எல்லாம் கேட்டது. பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. தின்றது போதும் என்று மகள் அவள் கையில் திணித்த மிச்ச எம்பனாடா, எண்ணெய் கசிய, அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.