எல்லைக்குள் இருந்த அலை

...சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு என்றார் கணவர், காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "வேற துறைமுகத்துக்கு மாத்தல் வந்திருக்கு. நீயும் வர்றியா, நான் மட்டும் போகட்டுமா?" நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவினேன், வருத்தம் வரும் என்று நின்றேன், வரவில்லை, பஸ்தான் வந்தது. இப்போது துறைமுகக் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கடல், கடலில் பைலட் படகு, படகில் அவர்... வரும் கப்பல்களில் ஏறித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பவர். வயர்லெஸ்ஸில் மட்டும் நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்கிறோம். ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் சொன்னது சொன்னதாகும். வீட்டில் திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் எதிர்த்துப் பேசுவது.

கப்பல் ஏஜெண்ட் மறுபடியும் போன் செய்கிறார், "மேடம், உரம் ஏத்த லாரிங்க வரிசையா நிக்குது, இன்னிக்கு உள்ள வந்துடும்ல?" வந்துவிடும் என்கிறேன். அலை ஒன்று புள்ளி ஆறு மீட்டர். இரண்டைத் தாண்டினால்தான் யாரையும் நூலேணியில் ஏற்றக் கூடாது, இத்தனை வருடத்தில் அந்த எல்லையை யாருக்காகவும் ஒரு மயிரிழை நகர்த்தியதில்லை, முதுகுக்குப் பின்னால் ஏஜெண்டுகள் என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவது தெரியும், கூப்பிட்டுக்கொள்ளட்டும். கப்பலின் பக்கவாட்டில் நூலேணி தொங்குகிறது, படகு ஏறுகிறது, இறங்குகிறது, அவருடைய ஆரஞ்சு நிற அங்கி படகின் விளிம்புக்கு வருகிறது. கல்யாணமான புதிதில் இந்த இடத்தில் என்னால் பார்க்க முடியாது, பைனாகுலரைக் கீழே வைத்துவிடுவேன். அது எப்போது நின்றது? சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது, குழாயில் தண்ணீர் நிற்பதுபோல... நீங்கள் மட்டும் போங்கள் என்று சொல்லிவிடலாம், சொன்னால் வலிக்காது போலிருக்கிறது, வலிக்காததைச் சொல்ல என்ன தயக்கம், சாப்பாட்டு டப்பாவை இன்னும் திறக்கவே இல்லை, திறந்து மட்டும் என்ன...

"ஏறாதீங்க. படகு திரும்பட்டும்."

யார் சொன்னது? என் குரல்தான். வயர்லெஸ் கொஞ்சம் இரைந்தது. "ஏறல. படகு திரும்புது." சரியாகத்தான் திருப்பிச் சொன்னார். பிறகு, கேட்கத் தேவையே இல்லாததைக் கேட்டார், "அலை எவ்வளவு?" ஒன்று புள்ளி ஆறு என்றேன், பொய் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. காத்திருந்தேன், இரைச்சல்தான் வந்தது. போன் அடிக்கிறது, ஏஜெண்டாகத்தான் இருக்கும், லாரிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்பார், காரணம் கேட்பார், மேலிடமும் கேட்கும், என்ன காரணம் சொல்வேன், எனக்கே யாராவது சொன்னால் தேவலை. போனை எடுக்கக் கையை நீட்டினால் மேஜை தாழ்வாக இருக்கிறது. நான் நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது எழுந்தேன்? நாற்காலி எனக்குப் பின்னால் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நிற்கிறது, அவ்வளவு வேகமாக எழுந்திருக்கிறேன். பயந்திருக்கிறேன் போலிருக்கிறது. படகு திரும்பி வந்துகொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.