மாஜாங்குக்கு நாலு பேர்

1998 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு இருபது. சாரா, காய் அடுக்கும் நான்காவது பலகையையும் மேசைமேல் வைத்தாள். அதற்கு எதிரே இருந்த நாற்காலி எட்டு வாரமாகக் காலி.

"யாரு வாரான்னு அதை வெக்கறீங்க?" என்றாள் பொன்னாத்தாள். ரேஸ்கோர்ஸில் அந்த வீடு அவளுடையது. கீழ்தளத்தைச் சாராவுக்கு வாடகைக்கு விட்டு, மாடியில் குடியிருந்தாள்.

"நாலு பேர் இல்லாம மாஜாங் இல்லை."

சாரா கொச்சியில் பிறந்த யூதப் பெண். கல்யாணமாகி அமெரிக்கா போனவள். மில்களுக்கு இயந்திரம் நிறுவ வந்த கணவனோடு இரண்டு வருடம் முன்பு கோவைக்கு வந்தாள். கூடவே ஒரு பெட்டி வந்தது. அதில் நூற்றைம்பத்திரண்டு காய்கள்.

"சீனாக்காரன் ஆட்டம் உங்க சாதி சனத்துக்கு எப்படீங்க வந்துச்சு?" என்று பொன்னாத்தாள் முதல் நாளே கேட்டிருந்தாள்.

"மாமியாரைக் கேட்டேன். அவங்கம்மா ஆடினாங்களாம். அவ்வளவுதான் பதில்." சாரா காய்களைக் கலைத்தாள். "அமெரிக்காவுல எங்க ஜெபாலயத்துல ஆறு மாசம் என்கிட்ட ஒருத்தியும் பேசலை. ஒரு நாள் மூணு பேர் வாசல்ல வந்து நின்னாங்க. அவங்களோட நாலாவது ஆள் வேற ஊருக்குக் குடி போயிட்டாளாம். ஆடத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு பொய் சொன்னேன்."

கோவையில் அவளே தேடிப் பிடித்தாள். முதலில் வீட்டுக்காரி. அடுத்து, ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் பக்ருன்னிசா. பல் வலிக்குப் போன இடத்தில், காலை நேரம் டோக்கன் எழுதும் செவ்வந்தி.

செவ்வந்தியின் வலப்பக்கம் பக்ருன்னிசாவின் இடம். ஆட்டம் தொடங்கும்போது, தனக்கு வேண்டாத மூன்று காய்களை வலப்பக்கம் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். செவ்வந்தி நல்ல காய்களைத் தள்ளினாள். மூன்றாவது மாதம்தான் சாரா அதைக் கண்டுபிடித்தாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பக்கத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு வேண்டாததையா குடுக்கறதுங்க?"

"மோளே, முப்பது வருஷமா ஆடறேன். இந்தத் தப்பை எங்க பொம்பளைங்க ஒருத்தியும் செய்ததில்லை."

செவ்வந்தி திருத்திக்கொள்வதாகச் சொன்னாள். கை கேட்கவில்லை. பக்ருன்னிசா ஜெயித்துக்கொண்டே இருந்தாள். "டெய்லரம்மா கையில என்னமோ இருக்குது" என்பாள் பொன்னாத்தாள்.

பிப்ரவரியில் குண்டு வெடித்தது. ஊர் பத்து நாள் மூடிக் கிடந்தது. பிறகு பஸ் ஓடியது.

செவ்வாய்தோறும் ஆட்டத்துக்கு வர, செவ்வந்தி குனியமுத்தூரில் ஏறுவாள். பக்கத்து இருக்கையில் பையை வைப்பாள். உக்கடத்தில் பக்ருன்னிசா ஏறியதும் பையை மடிக்கு எடுத்துக்கொள்வாள். ஊர் திறந்த பிறகு வந்த முதல் செவ்வாய், பஸ்ஸில் யாரும் பேசவில்லை. உக்கடத்தில் பர்தாவோடு பக்ருன்னிசா ஏறினாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வந்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பை இருக்கையிலேயே இருந்தது. பக்ருன்னிசா ரயில்வே ஸ்டேஷன் வரை நின்றாள். அங்கேயே இறங்கிவிட்டாள்.

சாராவிடம் செவ்வந்தி இதைச் சொல்லவில்லை. பக்ருன்னிசாவும் சொல்லி அனுப்பவில்லை.

"நியூயார்க்கிலிருந்து புது அட்டை வந்திருக்கு" என்றாள் சாரா இன்று, மேசையில் இருந்த மற்ற இருவரிடமும். எந்தெந்த வரிசை ஜெயிக்கும் என்று அச்சடித்த அட்டை. வருடத்துக்கு ஒருமுறை மாறும். நான்கு வந்திருந்தன. நான்கிலும் பெயர் எழுதியிருந்தாள். "பக்ருன்னிசாவுக்குத் தபால்ல போடட்டா?"

"நான் கொண்டுபோய்க் குடுக்கறனுங்க" என்றாள் செவ்வந்தி.

மறுநாள் மதியம் போனாள். பக்ருன்னிசா குடியிருக்கும் கோட்டைமேட்டு முனையில் போலீஸ் தடுப்பு. காவலர் பையைத் திறந்தார். அட்டையை எடுத்தார். சிவப்பு, பச்சை, நீலத்தில் எண்களும் இங்கிலீஷ் எழுத்துகளும்.

"என்னம்மா இது?"

"வெளையாட்டுங்க."

"எங்கிருந்து வந்துச்சு?"

"நியூயார்க்குங்க."

அவர் அட்டையைத் திருப்பினார். "யாருக்கு?"

"பக்ருன்னிசாக்காவுக்குங்க. டெய்லர்."

"குடுத்து விட்டது?"

"சாராம்மா. அவங்க யூதருங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்படி ஓரமா நில்லும்மா."

பெண் காவலர் ஒருத்தி சந்துக்குள் போனாள். செவ்வந்தி வெயிலில் நின்றாள். போகிற வருகிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நகரவில்லை.

பக்ருன்னிசா வந்தாள். கழுத்தில் அளவு நாடா.

"இவங்களத் தெரியுமா?" என்றார் காவலர்.

பக்ருன்னிசா செவ்வந்தியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"தெரியுமுங்க. எங்கூட ஆடறவங்க."

"இது என்ன கணக்கு?"

"கணக்கில்லீங்க. நாலு பொம்பளைங்க சுத்தி உக்காந்து காய் அடுக்கறது. இதுல இருக்கற மாதிரி அடுக்கினா ஜெயிச்சாப்பல."

"யார் ஜெயிப்பீங்க?"

"நாந்தானுங்க. இவங்க நல்ல காயாப் பாத்து எம்பக்கம் தள்ளிருவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

காவலர் சிரித்துவிட்டார். அட்டையைக் கொடுத்தார். இரண்டு பேரும் தடுப்பைத் தாண்டி ஒரு கடை நிழலில் நின்றார்கள்.

"அக்கா, அன்னிக்கு பஸ்ஸுல அந்தப் பைய…"

"அதை எடுக்கறதுக்கு எட்டு வாரமாச்சாக்கும்."

பக்ருன்னிசா அட்டையை விரித்தாள். விரல் முதல் வரியில் நின்றது. பிறகு அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"போன வருசத்தவிட இது கஷ்டமாட்ட இருக்குதே."

"ஆமாங்க்கா. சாராம்மாவே முழிக்கறாங்க."

பக்ருன்னிசா மூன்றாவது வரிக்கு வந்திருந்தாள். உதடு அசைந்தது. எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"செவ்வாக்கெழம மூணரை வண்டீல வாரேன். உக்கடம் வந்ததும் பையி மடிக்கு வந்துரும். ஏறுவீங்களாக்கா?"